ஏரிக்கரைச் செய்தியும் பாதி மீசையும்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே குடகூர் என்றொரு நாடு இருந்த காலம். அதை ஆண்ட ராஜா நெடுமுடிக்குக் கெட்ட செய்தி கேட்டால் சோறு இறங்காது.

அங்கே முப்பது வருஷமாகத் தண்டோரா போட்டவன் தாண்டவன். செய்தியைச் சொன்னதும், கண்டவர் யார், எங்கே நின்று கண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். புதுப் பிரதானி சொக்கேசன், அரண்மனை முத்திரை போதும், சாட்சி எதற்கு என்று அதை நிறுத்தினான். தாண்டவனும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு அப்படியே செய்தான்.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. பெரிய ஏரிக்கரை கசிகிறது என்று கீழே இருந்த ஏழு ஊரும் கலங்கின. கரையைச் செப்பனிட்டது பிரதானியின் மைத்துனன். உடனே முத்திரை ஓலை வந்தது. ஓர் எழுத்துக் குறைந்தாலும் தாண்டவனுக்கு நாக்கு இருக்காது என்றான் பிரதானி.

தாண்டவன் சந்தையில் எழுத்து விடாமல் படித்தான்: "ஏரிக்கரை கல்லாக நிற்கிறது. யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டாம்."

பிறகு பறையில் ஓர் அடி அடித்தான். "கண்டவர், ஒருவரும் இல்லை. நின்ற இடம், அரண்மனை ஊஞ்சல்."

சந்தை சிரித்தது. பொழுது சாய்வதற்குள் ஏழு ஊரும் மேட்டில் இருந்தன.

மறுநாள் அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ராஜா நாக்கை நீட்டச் சொன்னார்.

"நீட்டுகிறேன், மகாராஜா. எந்த எழுத்தை விட்டேன்?"

"விடவில்லை. கூட்டினாய்."

"கூட்டாதே என்று ஓலையில் இல்லையே."

சொக்கேசன் குறுக்கிட்டு, கரைமேல் நின்று தானே பார்த்ததாகச் சத்தியம் செய்தான்.

"அப்படியானால் தப்பு என்னுடையது, பிரதானியாரே. நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று திருத்திச் சொல்கிறேன். மகாராஜாவும் வரட்டும்."

எல்லோரும் போனார்கள். கரையடியில் சொக்கேசனின் கால் எழவில்லை. வழுக்கும் என்றான்.

"கல் என்றாயே?" என்றார் ராஜா.

அன்று மாலையே கரை உடைந்தது. ஏழு ஊரிலும் வெள்ளம். ஆள் ஒருவரும் இல்லை.

பொய்ச்சாட்சிக்குப் பழைய தண்டனை, சந்தை நடுவே பாதி மீசையை மழிப்பது. நாவிதர் சொக்கேசனை நெருங்கினார். ராஜா தாண்டவனுக்குச் சால்வையை நீட்டினார். அவன் அதை வாங்காமல் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"போன கோடையில் கிழக்குத் தெருவில் காய்ச்சல் இல்லை என்று சொன்னேன். சாட்சி கேட்கவில்லை. நம்பித் தங்கியவர்களில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். முதலில் எனக்கு."

"அது என் முத்திரை அல்லவா?" என்றார் ராஜா மெதுவாக.

"ஆமாம், மகாராஜா. குரல் என்னுடையது."

சந்தை மொத்தமும் ராஜாவின் முகத்தைப் பார்த்தது. அவர் கை தானாக மீசைக்குப் போயிற்று.

அந்த வருஷம் குடகூரில் பாதி மீசையோடு திரிந்தவர்கள் மூன்று பேர்.