திரைக்கு அந்தப் பக்கம் நின்ற பெரிய ஆசான்

பொற்கோடன் ராஜாவுக்குக் கல்வி என்றால் உயிர். அவருக்கு எழுத வராது, அது வேறு விஷயம். அரண்மனைக்குப் பக்கத்திலேயே பெரிதாக ஒரு கல்விச்சாலை கட்டியிருந்தார். அங்கே பாடம் சொல்பவர்களில் யாரைப் ‘பெரிய ஆசான்’ ஆக்கலாம் என்று பார்ப்பதற்குப் பண்டிதர்கள் குழு ஒன்றும் இருந்தது.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம். ஆளைப் பார்க்காமல்தான் முடிவு சொல்வார்கள். நடுவில் கெட்டியான திரை. அந்தப் பக்கம் ஆசான் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் பண்டிதர்கள் வெற்றிலை மெல்லுவார்கள். வேறொருவர் எழுந்து, பெயரைச் சொல்லாமல் ஆசானின் பெருமையை மட்டும் எடுத்துச் சொல்வார். பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம்! ஆனால் தலைவர் சர்வபூஷணப் பண்டிதருக்கு மட்டும் எப்படியோ ஆள் தெரிந்துவிடும்.

நல்லசிவம் வாத்தியாரை இப்படித்தான் இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள்.

“இவர் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.”

“உடனே புரிந்தால் அதில் ஆழம் எங்கே இருக்கிறது?” என்றார் தலைவர்.

“ஒருநாள்கூட வகுப்பை விட்டுப் போனதில்லை.”

“அப்படியானால் வெளியூரில் இவரை யாருக்குத் தெரியும்? தள்ளு!”

மூன்றாம் தடவையும் தள்ளிவிட்டால் வாத்தியார் ஊரைவிட்டே போக வேண்டும் என்று சட்டம். அவர் மனைவி பவளாயி எதற்கும் இருக்கட்டும் என்று பானை, சட்டி, பாய் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அரசவையின் குறும்புக்காரர் வேம்பையன் வந்தார்.

“அண்ணே, அம்மிக்கல்லைத் தூக்க ஒரு ஆள் கிடைக்குமா?” என்று கேட்டாள் பவளாயி.

“அம்மி இங்கேயே கிடக்கட்டும் தங்கச்சி. நாளைக்குச் சட்னி அரைக்க வேண்டாமா?” என்றார் வேம்பையன். “வாத்தியாரே, நாளைக்கு நீங்கள் கடைசியாக வந்தால் போதும். முதலில் நான் வேறொருவரை நிறுத்தப் போகிறேன்.”

“ஐயோ, எனக்குப் போட்டியாகவா?”

“பேசாமல் வாங்க.”

மறுநாள் முதலில் வர வேண்டியவர் சர்வபூஷணரின் மச்சினர். பதவியே அவருக்காகத்தான் காத்திருந்தது. மனிதர் நல்ல கனம், நடை மெதுவு. அன்று காலை அக்கா வைத்த நெய்ப் பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டு, அப்படியே கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இது தலைவருக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று காலடிச் சத்தம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பண்டிதரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ராஜா தலையசைக்க, வேம்பையன் எழுந்தார்.

“இவர் நடந்து வந்தால் தெருவே ஒதுங்கி நிற்கும்.”

“ஆகா, என்ன மரியாதை!” என்றார் தலைவர்.

“பக்கத்து நாட்டு அரசர் இவரைத் தமக்கே தந்துவிடும்படி ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டார்.”

“வெளிநாட்டுப் புகழ்! எழுதிக்கொள்ளுங்கள்.”

“இவரைக் கண்டால் பிள்ளைகள் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.”

“பிள்ளைகளுக்குப் பிடித்தவர்! சம்பளம் எவ்வளவு கேட்கிறார்?”

“இதுவரை வாயைத் திறந்து கேட்டதே இல்லை. சாப்பாடு மட்டும் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.”

“அது எனக்குத் தெரியாதா!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் தலைவர். “சக ஆசான்களோடு எப்படி?”

“ஒருவரையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஒருவரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை.”

“இப்படி ஒருவர் நம் கல்விச்சாலையிலேயே இல்லையே!” என்றார் இன்னொரு பண்டிதர். அது உண்மைதான்.

“ஒருமனதாக ஏற்கிறோம்! முரசை அடியுங்கள்!”

முரசு அடித்தாகிவிட்டால் ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. டம் டம் என்று அடித்தார்கள். திரை விலகியது.

அரண்மனை யானை மலைக்கொழுந்து காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

“ஐயையோ, இது என் மச்சினன் இல்லையே!” என்று அலறிவிட்டார் சர்வபூஷணர்.

சபையே திரும்பி ராஜாவைப் பார்த்தது.

“மச்சினனா?” என்றார் ராஜா. “திரை போட்டால் ஆளே தெரியாது என்றீரே?”

தலைவர் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

“மகாராஜா, நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யா?” என்று கேட்டார் வேம்பையன்.

“இல்லை. ஆனால் அடே வேம்பையா, யானையைப் பெரிய ஆசானாக்கிவிட்டாயே. இனி நான் என்ன செய்வேன்?”

“இன்னும் ஒரே ஒரு சடங்குதான் பாக்கி மகாராஜா. பதவிக்கு வந்த அன்று புதிய பெரிய ஆசான் இன்னொருவரைக் கைகாட்டலாம். அவருக்கும் அதே பதவி. யாரும் மறுக்கக் கூடாது.”

இது சர்வபூஷணரே போட்ட விதி. வீட்டில் இன்னும் ஒரு மச்சினன் இருந்தானே!

வேம்பையன் நல்லசிவம் வாத்தியாரை இழுத்து வந்து யானைக்கு முன்னால் நிறுத்தினார். மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். மலைக்கொழுந்து பழத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, தும்பிக்கையைத் தூக்கி வாத்தியார் தலைமேல் வைத்தது.

“கைகாட்டியாயிற்று! அடியுங்கள் முரசை!” என்றார் வேம்பையன். அடித்தேவிட்டார்கள்.

சர்வபூஷணர் குதித்தார். “அநியாயம் மகாராஜா! அது பழத்தை வாங்கிக்கொண்டல்லவா பதவி கொடுக்கிறது!”

“ஆமாம் பண்டிதரே,” என்றார் வேம்பையன். “போன தடவை வாத்தியாரிடம் நீங்கள் தாரோடு வாங்கினீர்களே. இது பாவம், ஒரே ஒரு பழம்தான் வாங்கியது. வாங்கியதற்கு வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டது!”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, இனிமேல் குழுவுக்கு மலைக்கொழுந்துதான் தலைவர் என்று சொல்லிவிட்டார்.