நிழலில்லாதவன் கொண்டுவந்த கடன் ஓலை

அரசர்கள் யானைமேல் போன காலத்தில், பேரம் பேசாமல் ஒரு பிடி கீரைகூட வாங்காத ஊர் ஒன்று இருந்தது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அந்த ஊருக்கு உச்சிவெயிலில் ஒருவன் ஓலையோடு வரத் தொடங்கினான். அவனுக்கு நிழல் கிடையாது. "செத்துப்போன உன் அப்பன் பட்ட கடன், நூறு பொன்" என்பான். ஓலையில் தொகை இருக்கும்; கடன்பட்டவன் பெயர் இருக்காது.

எண்ணெய் வணிகன் ஆதப்பன் சிரித்தான். "நூறா? நாற்பதுன்னா தர்றேன், போய்யா!"

அவன் வாயை மூடுமுன், ஓலையில் அவன் பெயர் தானே ஊறி எழுந்தது. மறுநாள் அவன் பெயர் போட்டே இன்னொரு ஓலை வந்தது. அதற்கு மறுநாளும் ஒன்று. செக்கு போனது, மாடு போனது, வீடு போனது. அப்போதும் அறுபது பொன்னைக் குறைத்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டான், மடையன்!

பிறகு அந்த நிழலில்லாதவன் உப்பு விற்கும் செம்பாயி வாசலில் நின்றான். அவளுக்கு இருந்தது ஒரு வண்டி, இரண்டு மாடு. அவை போனால் பிள்ளைகள் பட்டினி.

"உன் அப்பன் கடன், நூறு பொன்."

"எந்த ஊர்ல வாங்கினார்? சாட்சி யாரு? அவர் கையெழுத்துப் போட்ட மூல ஓலையைக் காட்டு."

"சரி, ஐம்பது."

செம்பாயிக்கு நாக்கு அரித்தது. கேட்காமலே பாதி குறைப்பவனை எந்த வியாபாரி விடுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மூல ஓலை."

"பத்து."

வெயில் குளிர்ந்தது. மாடுகள் வாயில் வைத்த வைக்கோலை மெல்லாமல் நின்றன.

"மூல ஓலை!"

"ஒரே ஒரு காசு, தாயே. போயிடறேன்."

"நூறு பொன் கடன் ஒரு காசுக்கு இறங்குமா? விலையைக் குறைச்சுக் கேட்டா, சரக்கு என் தலையிலதான்னு உப்புச் சந்தையில அடிபட்டுக் கத்துக்கிட்டவ நான். வாங்காத சரக்குக்கு ஒரு காசும் கிடையாது. போய்யா!"

அவன் முகம் எழுதாத ஓலைபோல் வெளுத்தது. மறுகணம் ஆள் இல்லை. மண்ணில் அடிச்சுவடும் இல்லை.

அடுத்த வீட்டு வாசலில் அதே குரல் கேட்டது. "உன் அப்பன் பட்ட கடன்…"

செம்பாயி தெருவுக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினாள். "பேரம் பேசாதீங்க! மூல ஓலையைக் கேளுங்க!"

ஆதாரம் காட்டாத கடனுக்கு ஒரு காசு கொடுத்தாலும், முழுக் கடனையும் ஒப்புக்கொண்டதாகும்.