தெருவைக் கூப்பிட்ட ஹாரன்

மூன்று தடவை ஜெயித்துவிட்டு நாலாவது தடவையும் ஓட்டுக் கேட்கப் போனாராம் எம்.எல்.ஏ. வைரமாணிக்கம். செம்பாறைக் காலனியில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஆரத்தித் தட்டு ஒன்றைக்கூடக் காணோம்.

கோபமெல்லாம் ஜீப் ஓட்டுகிற எசக்கியப்பன் மேல் திரும்பியது. "டிவிக்காரங்க வர்றதுக்குள்ள இந்தத் தெரு நிறையணும். இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"சரிங்கய்யா" என்றவன், தண்ணீர் லாரிக்காரர் அடிக்கிற மாதிரியே நீட்டி நீட்டி ஹாரன் அடித்தான். அத்தனை கதவும் திறந்தன. தெரு நிறையப் பெண்கள், இடுப்பில் காலிக் குடங்களோடு.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"கூட்டம் கேட்டீங்க. இந்தத் தெரு மொத்தமா வெளியே வர்றது இதுக்கு மட்டுந்தான்யா. குழாய் போடுறேன்னு ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் நீங்க சொன்ன தெருதானே இது."

கேமராவும் வந்து சேர்ந்தது. கும்பிட்ட கையை இறக்கத் தெரியாமல் நின்றார் வைரமாணிக்கம்.

லாரி வரவில்லை என்று தெரிந்தும் பெண்கள் யாரும் திட்டவில்லை. ஒரு அம்மாள் மட்டும் வீட்டுக்குள் போய், இருந்த தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினாள். "வெயில்ல நிக்கிறீங்களே, குடிச்சிட்டுப் போங்க தம்பி."

வாங்கினார். குடிக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. ஹாரன் அடித்த எசக்கியப்பனும் அந்த அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.