செம்பாறைப் பள்ளத்தாக்கில் சிவப்பு தொலைந்தது

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் கோணக்குளத்துக்காரர்கள். அந்த ஊரிலேயே விவரமானவர் என்று பெயரெடுத்தவர் மாசானம். அவருடைய மச்சினன் வெயிலுமுத்துவுக்குப் பெண் தேடி அலைந்ததில், பக்கத்து ஊர் பேச்சிமுத்துவின் மகள் சுயம்புக்கனி ஜாதகம் பொருந்தி வந்தாள். பேச்சிமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மாப்பிள்ளை நாலு இடம் பார்த்தவரா இருக்கணும்.”

மாசானத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மச்சினனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கூடவே தம்பி சங்கிலியும் உட்கார்ந்தான்.

“மாப்ள, நீ இதுவரைக்கும் எந்தெந்த இடம் பார்த்திருக்க?”

“சந்தை பார்த்திருக்கேன் அத்தான். ஆஸ்பத்திரி பார்த்திருக்கேன். ஜெயிலை வெளியில நின்னு பார்த்திருக்கேன்.”

“அண்ணே, வெளியில நின்னு பார்த்ததைக் கணக்குல சேக்கலாமா?” என்றான் சங்கிலி.

மாசானம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “சேக்கலாம்ல. உள்ள போய்ப் பார்த்திருந்தா எவன் பொண்ணு குடுப்பான்?”

அப்படியும் ஓரிடம் குறைந்தது. பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், மூவரும் செம்பாறைப் பள்ளத்தாக்குப் பூங்காவுக்கு பஸ் ஏறினார்கள்.

வாசலில் இருந்த வாச்சர் நல்ல மனுஷன். “கம்பியைத் தாண்டாதீங்க. அந்த முனையில நின்னு கண்ணெடுக்காமப் பாருங்க, அவ்வளவு அழகு. ஆனா ஒண்ணு, இங்கருந்து ஒரு சிட்டிகை மண்ணுகூட வெளியே போகக் கூடாது” என்று சொல்லி அனுப்பினார்.

மூவரும் முனைக்குப் போய் நின்றார்கள். பூமி வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துக் கிடந்தது. எதிரே நெட்டுக்குத்தாகப் பாறைச் சுவர். அடியில் குங்குமம், அதற்கு மேல் காவி, உச்சியில் பழுத்த மிளகாய் என்று வரிவரியாகச் சிவப்பு. காற்று அரித்து அரித்து ஒரு பாறை யானை முதுகாகியிருந்தது, இன்னொன்று கவிழ்த்த பானை. அதலபாதாளத்தில் வெள்ளி அரைஞாண் போல ஒரு ஆறு. மாசானம் மச்சினனைப் பெருமையாகப் பார்த்தார். இதைப் பார்த்தவனுக்குப் பெண் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

“அண்ணே, கண்ணெடுக்கக் கூடாதுன்னாரே. இமைக்கலாமா?”

“இமைச்சா கண்ணு அங்கேயேதானே இருக்கு? எடுத்தாத்தான் தப்பு.”

எதற்கும் இருக்கட்டும் என்று சங்கிலி இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

வெயிலுமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பள்ளத்தைப் பார்த்து, “எனக்குக் கல்யாணம் நடக்குமா?” என்று கத்தினான்.

“நடக்குமா?... க்குமா?” என்றது பள்ளம்.

வெயிலுமுத்துவின் முகம் சுருங்கிப்போயிற்று. “அத்தான், இதுக்கும் சந்தேகமா இருக்கு.”

“கேட்டா கேக்கத்தான் செய்யும். நாம அடிச்சுச் சொல்லணும்” என்ற மாசானம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நடக்கும்!” என்றார்.

“நடக்கும்... க்கும்...”

“பார்த்தியா? எடுத்துச் சொன்னா கேட்டுக்குது” என்றார் மாசானம். பெண் வீட்டுக்காரர்களைவிடப் பள்ளத்தாக்கு நல்ல மாதிரியாகப் பட்டது அவருக்கு. நிம்மதியாகப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

வினை சாயங்காலம் வந்தது. மிளகாய்ச் சிவப்பாக இருந்த உச்சி மெல்ல மஞ்சளானது. காவி ஊதாவானது. குங்குமம் இருந்த இடம் கறுத்தே போனது.

“அண்ணே,” என்றான் சங்கிலி மெதுவாக. “நாம வரும்போது இது சிவப்பாத்தானே இருந்துச்சு?”

“ஆமா.”

“அப்போ அந்தச் சிவப்பு எங்க போச்சு?”

மாசானம் தற்செயலாகத் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. மச்சினனைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது என்று சொன்ன மனுஷனிடமிருந்து மலையின் நிறத்தையே அல்லவா வழித்து எடுத்துவிட்டார்கள்!

“திருப்பிக் குடுத்துருவோம் அத்தான்.”

மூவரும் வேட்டியை உதறினார்கள். கையைப் பாறையில் வைத்துத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கக் கையில் சிவப்பு கூடியதே தவிர, மலைக்கு ஒரு பொட்டுகூடத் திரும்பவில்லை. கதவைச் சாத்துவதற்காக வாச்சர் வந்தபோது மாசானம் அழாத குறையாக அவர் முன்னால் கையை நீட்டினார்.

“சார், நிறம் போயிருச்சு. நாங்க வேணும்னு எடுக்கல. தானா ஒட்டிக்கிட்டுது.”

வாச்சருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். “நிறம்தானே? காலையில கிழக்கேருந்து தானா வந்துரும். கிளம்புங்க.”

கிழக்கே இருந்து வருவது முதல் பஸ் ஒன்றுதான். பொறுப்பானவர்கள் என்பதால் மூவரும் பாறைச் சுவர் தெரிகிற பஸ் நிறுத்தத்திலேயே படுத்துக்கொண்டார்கள். விடிந்தது. கிழக்கே பஸ் தலை காட்டியதும் திரும்பிப் பார்த்தால், உச்சியில் மிளகாய், நடுவில் காவி, அடியில் குங்குமம். ஒன்றும் குறையவில்லை.

மாசானம் ஓடிப்போய்க் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு சொட்டு சிந்தாமக் கொண்டாந்துட்டீங்களே அண்ணாச்சி!”

பஸ்ஸில் ஏற்றி வந்த பால் கேனைச் சொல்கிறார் என்று நினைத்த கண்டக்டர், “அது நம்ம கடமைல்லா” என்றார்.

அதே பஸ்ஸில், அதே கோலத்தில், பெண் வீட்டில் போய் இறங்கினார்கள். சுயம்புக்கனி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் வெயிலுமுத்துவையே கேட்டாள்: “பள்ளத்தாக்கு போயிட்டு வாறீங்களாமே. அங்க என்ன பார்த்தீங்க?”

வெயிலுமுத்து மனசாரச் சொன்னான்.

“இந்தப் பக்கம் மலை இருந்துச்சு. அந்தப் பக்கம் மலை இருந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல. அதைத்தான் நாள் பூரா பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

சுயம்புக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்படியில் அவள் சிரித்த சிரிப்பிலேயே சம்மதம் தெரிந்துவிட்டது. ஆனால் பேச்சிமுத்து சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நடுவுல ஒண்ணுமே இல்லன்னா, அங்க இருந்த மண்ணு பூரா எங்க?”

மாசானம் பதறி எழுந்தார். “சத்தியமா நாங்க இல்ல அண்ணாச்சி! நாங்க போகும்போதே பள்ளமாத்தான் கிடந்துச்சு!”

பேச்சிமுத்து மூன்று பேருடைய சிவந்த கைகளையும் உற்றுப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். அவர்கள் கொண்டுவந்திருந்த மஞ்சப்பையை வெளியே எடுத்து, உள்ளே கைவிட்டுத் துழாவினார். ஒரு துண்டும் அரைச் சீப்பு வாழைப்பழமும் இருந்தன. பையைத் தூக்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி, நம்புறேன் சம்பந்தி. அம்புட்டு மண்ணும் இந்தப் பையில கொள்ளாது.”