இடப்பக்கம் திரும்பிய கிடா

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போக முடியாது. முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தெற்கே கரிசல் காட்டில் நெடுங்குறிச்சி என்று ஓர் ஊர். கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் அங்கே கிடாமுட்டு நடக்கும். இரண்டு செம்மறிக் கிடாக்களை எதிரெதிரே விடுவார்கள். அவை ஓடிவந்து மண்டையோடு மண்டை மோதும். முதுகைக் காட்டித் திரும்பும் கிடா தோற்றது. மோதலின் நடுவே தன் கிடாவைத் தொட்டவரும் தோற்றவரே. தோற்ற பக்கத்துக் கிடா, வென்றவருக்குப் போய்விடும்.

வேல்மயிலின் கிடாவுக்குச் செவலை என்று பெயர். தாய் செத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அவர். பிள்ளை இல்லாத வீட்டில் அது அடுப்படி வரைக்கும் வந்து நிற்கும். சமீபமாக அதற்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. ஓடும்போது இடப்பக்கமாக வளைந்து ஒரு சுற்றுச் சுற்றும். பக்கத்து ஊர் முட்டில் அப்படி வளைந்தபோது, முழு வேகத்தில் வந்த எதிர்க்கிடா குறி தவறிக் கால் மடங்கி விழுந்தது. எழுந்ததும் மிரண்டு ஓடிவிட்டது. அந்தக் கிடாவும் வேல்மயிலின் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தது.

"மத்த கிடா எல்லாம் முட்டும். எங்கிடா யோசிச்சு முட்டும்," என்று டீக்கடையில் அவர் பேசாத நாளில்லை.

தொழுவத்தில் எதிரே எந்தக் கிடாவும் இல்லாதபோதும் செவலை இடப்பக்கமாகவே சுற்றியது. வலப்பக்கம் போட்ட தழையைச் சீந்துவதில்லை. தானே பழகிப் பார்க்கிறது என்று வேல்மயில் பூரித்துப் போனார்.

கொடைக்கு மறுநாள் செவலைக்கு எதிரே நின்றது கருவாயன். உப்பளத்து லாரி ஓட்டும் கடற்கரை என்பவரின் கிடா அது. நடுவர் அந்தோணிமுத்து துண்டை வீசியதும் இரண்டும் பாய்ந்தன. பாதி வழியில் செவலை இடப்பக்கம் வளைந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் இந்த முறை அது நிற்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, மறுபடி வளைந்து, தன் வாலைத் தானே தேடுவது போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. வலப்பக்கத்திலிருந்து கருவாயன் இடி போல வருகிறது. செவலையின் வலது கண் இமைக்கக்கூட இல்லை.

அதைக் கண்டது கடற்கரை ஒருவர்தான். "ஏய், அதுக்குக் கண்ணு தெரியல!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்து தன் கிடாவின் கொம்பைப் பிடித்துத் திருப்பினார். அவர் மணிக்கட்டு முறிந்த சத்தம் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அப்போதும் செவலை சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் வேல்மயில். "அண்ணாச்சி கிடாயத் தொட்டுட்டாரு. கருவாயன் எனக்கு."

கடற்கரை வலியில் பல்லைக் கடித்தார். "அதுக்கு முன்னாலயே உம்ம கிடா முதுகக் காட்டியாச்சுவே. செவலை எனக்கு."

அதற்குள் யாரோ கால்நடை மருத்துவர் ஹசீனாவை அழைத்து வந்துவிட்டார்கள். அவர் செவலையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். இடது கொம்புக்குப் பின்னால் விரல் நின்றது. வேல்மயிலின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கல்லைப் போல இருக்க வேண்டிய மண்டை எலும்பு, அழுத்தினால் உள்ளே அமுங்கியது. வேல்மயில் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"மூளையோட இடது பாதியில நீர்க்கட்டி இருக்கு," என்றார் ஹசீனா. "நாய்க் கழிவு பட்ட புல்லுலேர்ந்து வர்ற புழு. உடம்ப வலப்பக்கம் திருப்புறது இந்த இடது பாதியோட வேலை. ரெண்டு பாதியும் சமமா இழுத்தாத்தான் நேரா போக முடியும். இது அமுங்கிப் போனதால உடம்பு இடப்பக்கமே போகுது. வலது கண்ணு தெரியாததும் அதனாலதான். இந்த எலும்புல ஒரு முட்டு விழுந்திருந்தா, இங்கயே செத்திருக்கும்."

"அப்போ... அது யோசிக்கலையா டாக்டரம்மா?"

"இல்லய்யா. நேரா போகணும்னு அது நெனச்சிருந்தாலும் போயிருக்க முடியாது."

வேல்மயில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். செவலையின் முகத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் பக்கத்து ஆட்கள் விடவில்லை. "கிடா பயந்து திரும்பலன்னு டாக்டரே சொல்லியாச்சு. அப்ப செவலை தோக்கல. உள்ள வந்து தொட்டவருதான் தோத்தவரு. கருவாயன அவுத்து விடுங்க!"

அந்தோணிமுத்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செவலை திரும்பியதைத் தோல்வி என்றால், நோயுற்ற ஓர் உயிரை அதன் வீட்டிலிருந்து பறிக்க வேண்டும். தோல்வி இல்லை என்றால், அதன் உயிரைக் காப்பாற்றியவர் கையும் முறிந்து கிடாவையும் இழக்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள்: இந்த முட்டில் தோற்றது யார்? எந்தக் கிடா யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தோற்றவர் எவருமில்லை. முட்டு என்றால் இரண்டு கிடாக்களும் மோத வந்திருக்க வேண்டும். அன்று களத்தில் மோத வந்தது ஒன்றுதான். நடக்காத முட்டில் முதுகு காட்டுவதும் இல்லை, தொட்ட குற்றமும் இல்லை. அந்தோணிமுத்து இப்படித்தான் தீர்த்தார். கிடாக்கள் அவரவர் வீட்டுக்கே என்றார். அதே நியாயப்படி பக்கத்து ஊர் வெற்றியும் வெற்றியல்ல என்பது வேல்மயிலுக்குத் தானாகவே விளங்கியது. அந்தக் கிடாவை மறுநாளே அதன் சொந்தக்காரரிடம் கொண்டுபோய் விட்டார். ஹசீனா மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார். சில நாள் கழித்துச் செவலை எழுந்தது, தள்ளாடி நின்றது, பிறகு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த வேல்மயிலை நோக்கித் திரும்பி, நேராக நடந்து வந்து அவர் நெஞ்சில் மெல்ல முட்டியது.