தீயணைப்புத் தொட்டி

நூற்றெண்பது குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. தண்ணீர், லிஃப்ட், குப்பை, வாடகைக்காரர் சண்டை என்று அத்தனையையும் கட்டி மேய்ப்பவள் மேலாளர் மரகதம். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். அவளிடம் தொழில் பழக வந்த சூசைராஜ், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வாட்ச்மேன்கள் வாய்பொத்திச் சிரித்தாலும் அவளைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

"குருன்னு கூப்பிட்டா சம்பளம் ஏறாது அண்ணே" என்பாள் அவள்.

கோடையில் ஒருநாள் பிற்பகல், இருவரும் மொட்டைமாடியில் வால்வுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குருவே, இத்தனை வீட்டையும் பார்த்துக்கிட்டு, என் ஒரு வீட்டை எப்படிப் பார்க்கிறது?"

"உங்க வீட்ல என்ன?"

"நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துல பாப்பா ஆடுறா. போன வருஷம் வரேன்னு சொல்லிட்டுப் போகல. இந்த வருஷம் அவ என்னைக் கூப்பிடவே இல்ல."

மரகதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். சங்கச் செயலாளர் பத்மநாபன் மூச்சிரைக்க ஏறி வந்தார். பின்னால் காலி வாளிகளோடு சிலர்.

"குழாயில காத்துதான் வருது! லாரி எங்கே?"

"வந்துக்கிட்டு இருக்கு சார்."

"அதுவரைக்கும்? அதோ அந்தத் தொட்டி தளும்பத் தளும்ப நிக்குதே. திறந்து விடுங்க!"

அவர் காட்டியது தீயணைப்புத் தொட்டியை. திறந்துவிட்டால் கூட்டம் கலையும், பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடலாம். சூசைராஜின் கை தானாக வால்வுக்குப் போனது. மரகதம் குறுக்கே வந்து நின்றாள்.

"அது தீயை அணைக்க வச்ச தண்ணி சார்."

"இப்ப எங்கேம்மா தீப்பிடிச்சிருக்கு?"

"பிடிச்சப்புறம் ரொப்ப முடியாது."

வாளிக்காரர்களில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். செயலாளர் மட்டும் நின்றார்.

மரகதம் திரும்பினாள். "அண்ணே, நீங்க கிளம்புங்க."

"லாரி வர்ற நேரத்துல இவர் எங்கே கிளம்புறார்?"

"மக ஆடுறதைப் பார்க்க."

"நல்லா இருக்கும்மா உங்க நிர்வாகம்!"

"போன வாரம் என் பையனுக்குக் காய்ச்சல். நான் வரவே இல்ல. மோட்டார் எரிஞ்சது, லிஃப்ட் நின்னது. இவர் ஒத்தை ஆளா நின்னு சமாளிச்சார். நான் இல்லைன்னு உங்க யாருக்காவது தெரிஞ்சுதா?"

செயலாளர் யோசித்தார். "தெரியலதான்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயால் ஒரு பாராட்டுக் கேட்டதில்லை சூசைராஜ். தோள்கள் தாமாக நிமிர்ந்தன.

"இன்னைக்கு லாரிக்கு நான் நிக்கிறேன்" என்றாள்.

செயலாளர் விடுவதாக இல்லை. "அடுத்த வருஷமும்தான் ஆடும். குழந்தை எங்கே போயிடப் போகுது?"

"வளர்ந்துடும் சார்" என்றாள் மரகதம்.