சாவகத்துக் கனியும் கோட்டைமேட்டுக் களாவும்

வெகு காலத்துக்கு முன்னே செம்பாறை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சுத்தான் அவனுக்கு வேதம். அன்றைக்குக் கடைசியாகப் பேசியவர் தாண்டவராயர். அரண்மனை உக்கிராணத்து அரிசி பருப்பிலிருந்து ஊறுகாய்வரை எல்லாம் அவர் பொறுப்பு.

"மகாராஜா, கோட்டைமேட்டில் முள்ளும் புதருமாய் மண்டிக் கிடக்கிற களாக்காய் சுத்த விஷம். கிள்ளினால் எருக்கம்பால் மாதிரி வடிகிறது. அதையும் கூடையில் சுமந்து விற்கிறாள் ஒருத்தி!"

ராஜா நடுங்கிப்போனான். "உச்சி மணி அடித்ததும் மேட்டுக்குத் தீ வையுங்கள். அவளை நாடு கடத்துங்கள்!"

இப்படித்தான் ஆவுடையாள் கூடையோடு சபையில் வந்து நின்றாள். சாளரத்தின் வழியே மேடு தெரிந்தது. பந்தத்தோடு நிற்கிற வீரர்களும் தெரிந்தார்கள். புருஷன் செத்த பிறகு அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றியது அந்த முள்ளுப் புதர்தான். எட்டு ஊர்ச் சந்தையில் எவனுக்கும் விலை இறங்காதவள் கூடையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

ராயருக்கு என்ன வந்தது? வருஷா வருஷம் பின்கட்டு வழியே மூட்டை மூட்டையாக இவளிடம் களாக்காய் வாங்கியவரே அவர்தானே! போன வாரம் விலை படியாமல், "இனி அரண்மனை வாசல்லயே கடை போடுறேன், போம்!" என்று கத்திவிட்டு வந்தாள். அதற்கா இவ்வளவு?

படபடப்பில் ராஜாவுக்குப் பசித்துவிட்டது. தயிர்சோறு வந்தது, கூடவே ஒரு பீங்கான் ஜாடி. ராயர் சாவகத் தீவிலிருந்து கப்பலில் வரவழைக்கிற கனி ஊறுகாயாம். ராஜா சப்புக்கொட்டிவிட்டு விதையைத் தட்டில் துப்பினான். தட்டையான பழுப்பு விதை.

ஆவுடையாள் எட்டி அந்த விதையைப் பார்த்தாள். நம்ம களாக்காய்! வாசலில் கடை போட்டால் ராயர் குட்டு உடையுமே, அதற்குத்தான் இந்தத் தீ! சொன்னால் ராஜாவுக்கு விஷம் கொடுத்தவள் என்று தலை போகும். சொல்லாவிட்டால் மேடு போகும்.

"ராசா," என்று ஓரடி முன்னே வந்தாள். "அந்தச் சாவகத்துக் கனி நல்லதுதானா? அதுக்கு யார் பொறுப்பு?"

"என் தலையே பொறுப்பு!" என்று ராயர் எகிறினார். "ரத்தம் ஊறும். ஈறில் ரத்தக் கசிவு நிற்கும். மந்தித்த பசி எழும்பும். நானே தினமும் தின்கிறேன்!"

அவள் கூடையிலிருந்து கறுத்த பழங்களைப் பிதுக்கி, விதையைக் கழுவி, ராஜா துப்பிய விதைகளோடு கலந்தாள். "அமிர்தம் எது, விஷம் எது? பிரிச்சுக் காட்டும், ராயரே."

ராயர் குனிந்து பார்த்தார். ராஜாவும் விரலால் கிளறிப் பார்த்தான். எல்லாம் ஒரே அச்சு.

"விதை ஒத்துப்போனால் பழமும் ஒன்றாகிவிடுமா?" என்று ராயர் சிரித்தார்.

"பிரிக்கத் தெரியாதவரு என் கூடையில ஒரு பிடி தின்னணும். நியாயந்தானே, ராசா?"

கடைசியாகப் பேசியவள் அவள். "தின்னும்!" என்றான் ராஜா.

இவ்வளவுதானே என்று ராயர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். பச்சைக் காயின் பால் மீசையில் அப்பியது.

"பாத்தீங்களா ராசா? விஷம்னு நெசமா நம்புறவன் இந்நேரம் உங்க கால்ல விழுந்து கதறியிருப்பான். இவரு மாமியார் வீட்டுப் பலகாரம் மாதிரியில்ல மெல்லுறாரு!"

ராஜா ஜாடியைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான். "ராயரே, அந்தச் சாவகக் கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது?"

ராயர் மீசையில் அப்பிய பாலைத் துடைத்தார். மெல்லுவது நின்றுபோயிருந்தது.

அப்போது உச்சி மணி அடிக்க ஆரம்பித்தது.

"தீயை நிறுத்துங்கள்!" என்று ராஜா கத்தினான்.

"வாய்வார்த்தை மேடுவரைக்கும் கேக்காது. முத்திரை மோதிரத்தைக் கழட்டுங்க!" என்று அதைவிடச் சத்தமாக ஆவுடையாள் கத்தினாள். ராஜாவை அதட்டியவர்கள் அதுவரை யாருமில்லை. அவன் உடனே கழற்றினான். குதிரைக்காரன் பறந்தான். இரண்டு புதர் புகைந்த பிறகுதான் பந்தங்கள் அணைந்தன. அதுவரை அவள் சாளரத்தைவிட்டு நகரவில்லை.

மேடு ஆவுடையாளுக்கே என்று பட்டயம் எழுதியாயிற்று. அவளுக்காகக் களா பறித்துச் சுமந்து விற்பதே ராயருக்குத் தண்டனை. மறுநாள் சரிகைத் தலைப்பாகை இருந்த இடத்தில் கூடையோடு, கையெல்லாம் முள் கீறலோடு, அரண்மனை வீதியில் வந்தார் தாண்டவராயர்.

"களா... கோட்டைமேட்டுக் களா..."

பின்னாலேயே வந்தாள் ஆவுடையாள். "என்ன முனகுறீரு? ராசா காதுல விழுற மாதிரிக் கூவும்!"